நாம் தெரிவு செய்யாத வாசகம்

2019 ஏப்ரல் 28ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும் மக்கள் கூடும் திருப்பலி இல்லை. ஒரு கிழமைக்கு முன், உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலி தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. நாங்கள் வீட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு முன்னறையில் முழந்தாளில் இருந்தோம். மடியில் தமிழ்த் திருவிவிலியம்.

அன்றைய நற்செய்தி யோவான் 20ஆம் அதிகாரம். வாரத்தின் முதல் நாள் மாலை. சீடர்கள் அச்சத்தினால் தாங்கள் இருந்த இடத்தின் கதவுகளை மூடி வைத்திருந்தார்கள் என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. அந்த வரி வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்துப் பேரையும் அதுவரை நான் கோழைகள் என்றே நினைத்து வந்திருந்தேன்.

அந்த வாசகத்தை அன்றைக்கென்று யாரும் தேடி எடுக்கவில்லை. உயிர்ப்பு விழாவுக்கு அடுத்த ஞாயிறு, ஒவ்வோர் ஆண்டும், உலகம் முழுவதும், அதே பகுதிதான். அதற்கான காரணம் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. உயிர்த்த நாள் மாலை இயேசு வருகிறார், தோமா அங்கே இல்லை. எட்டு நாள் கழித்து மறுபடி வருகிறார், தோமா இருக்கிறார். அந்த எட்டாம் நாள் இந்த ஞாயிறுதான். 1570ஆம் ஆண்டின் பழைய திருப்பலி நூலிலும் இந்த ஞாயிறுக்கு இதுவே வாசகம். ஆகவே நான் சிறுவயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு தடவை கேட்டு வந்த வாசகம் அது. ஆனால் தோமாவின் சந்தேகத்தைப் பற்றித்தான் எப்போதும் கேட்டிருந்தேன். கதவு என் காதில் விழுந்ததில்லை.

இன்னொன்றையும் அன்றுதான் கண்டேன். கதவு இரண்டு தடவை மூடியிருக்கிறது. முதல் மாலை அவர்கள் ஆண்டவரைக் கண்டார்கள், மகிழ்ந்தார்கள், "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்ற சொல்லைக் கேட்டார்கள், தூய ஆவியைப் பெற்றார்கள். எட்டு நாள் கழித்துப் பார்த்தால் கதவு திரும்பவும் மூடியே இருக்கிறது. உயிர்த்த ஆண்டவரை நேரிலே கண்டவர்களுக்கே ஒரு கிழமையில் பயம் தெளியவில்லை என்றால், எங்களுக்கு எப்படித் தெளியும்? இயேசு அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. மூடிய கதவுக்குள்ளேயே வந்து நின்று தம் காயங்களைக் காட்டினார். உயிர்த்த உடலிலும் காயங்கள் இருந்தன. கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கழுவாமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். யோவான் 20ஐ அதைவிடத் தெளிவாக விளக்கும் மறையுரையை நான் கேட்டதில்லை.

யார் தீர்மானிக்கிறார்கள்?

ஞாயிறு வாசகத்தைப் பங்குத்தந்தை தம் விருப்பப்படி எடுக்கிறார் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்திலும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மன்னாரிலும் மணிலாவிலும் ஒரே ஞாயிறு ஒரே நற்செய்திதான். காலையில் சிங்களத் திருப்பலிக்குப் போன பக்கத்து வீட்டாரும், அதன் பிறகு தமிழ்த் திருப்பலிக்குப் போகும் நாமும், மாலை ஆங்கிலத் திருப்பலிக்குப் போகும் பிள்ளைகளும் ஒரே பகுதியைக் கேட்டுவிட்டு ஒரே ஒழுங்கைக்குத் திரும்பி வருகிறோம். இந்த நாட்டில் மொழி கடந்து ஒரே நாளில் ஒரே சொல்லைக் கேட்கக் கிடைப்பது சிறிய காரியம் இல்லை.

பழைய முறையில் ஞாயிறு வாசகங்கள் ஓராண்டுச் சுற்று. மத்தேயு அதிகம் வரும், மாற்கு அரிது. பழைய ஏற்பாடு ஞாயிறுகளில் ஏறக்குறைய இல்லவே இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. அதன்படி தயாரான புதிய வாசக ஒழுங்கு 1969 மே 25இல் வெளியாகி, அந்த ஆண்டின் திருவருகைக்காலத்திலிருந்து, அதாவது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் கிழமைகளிலிருந்து, நடைமுறைக்கு வந்தது.

இதில் ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்று. முதல் ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, மூன்றாவது லூக்கா. எந்த ஆண்டு யாருடையது என்று கண்டுபிடிப்பது எளிது: ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது லூக்கா ஆண்டு. 2019, 2022, 2025 மூன்றும் லூக்கா. திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை, திருவருகைக்காலத்தில் தொடங்குகிறது. அதனால் 2025 நவம்பர் 30இல் மத்தேயு ஆண்டு பிறந்துவிட்டது.

யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அவர் வருவார். மாற்கு நான்கிலும் சிறிய நற்செய்தி என்பதால் அந்த ஆண்டின் நடுவில் ஐந்து ஞாயிறுகள் யோவான் 6ஆம் அதிகாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பொதுக்காலத்தில், அதாவது பெருவிழாக் காலங்கள் அல்லாத கிழமைகளில், முதலாம் வாசகம் நற்செய்தியோடு பொருந்தும்படி பழைய ஏற்பாட்டிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் அப்படியில்லை. அது புதிய ஏற்பாட்டுக் கடிதங்களான திருமுகங்களைத் தன் பாட்டில் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போகும் வேறொரு தடம். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முயன்று பாடுபடும் மறையுரைகளைக் கேட்கும்போது, இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் எவ்வளவு நல்லது என்று தோன்றும். பல நாடுகளின் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் 1992இல் வெளிவந்த பொது வாசக அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அதுவும் இந்த மூன்றாண்டுச் சுற்றை அடியொற்றியதே. ஆகவே ஞாயிறு மாலை மெதடிஸ்த நண்பரோடு கதைக்கும்போது இருவரும் அன்று ஒரே உவமையைக் கேட்டிருக்கக்கூடும்.

இந்த ஒழுங்கு ஆன்மிக வளர்ச்சிக்கு என்ன செய்கிறது? என் பதில் இதுதான்: நான் கேட்க விரும்பாததை எனக்குக் கேட்கத் தருகிறது. பிறகு அதையே, நான் மாறியிருக்கும் வேளையில், மறுபடி கொண்டுவந்து வைக்கிறது.

நம் தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு நள்ளிரவில் வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கும் வழக்கம் இருக்கிறது. என் அம்மாவின் வேதபுத்தகத்துக்குள் முப்பது ஆண்டு அட்டைகள் இருக்கின்றன. பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன், உன்னைக் கைவிடமாட்டேன், உன்னை ஆசீர்வதிப்பேன். எல்லாம் உண்மையான இறைவார்த்தைகள். துன்ப காலத்தில் அம்மாவை நிமிர்த்தி வைத்தவை அவை. ஆனால் தந்தையையும் தாயையும் வெறுக்காதவர் எனக்குச் சீடராக இருக்க முடியாது என்ற லூக்கா 14ஆம் அதிகாரத்து வசனம் எந்த அட்டையிலும் அச்சாவதில்லை. வாசக ஒழுங்கோ அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை கொண்டுவந்து நம் முன்னே வைத்துவிடும். "வெறுப்பது" என்பது குறைவாக நேசிப்பதைச் சொல்லும் எபிரேய வழக்கு என்று விளக்கம் பெறலாம். விளக்கம் பெற்ற பின்னும் அது தொண்டையில் நிற்கும். நிற்கட்டும். இனிப்பை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு எலும்பு உரமாகாது.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இறைவார்த்தையை வாசிப்பதை உணவோடு ஒப்பிட்டார். வாசிப்பது கவளத்தை வாயில் வைப்பது, தியானிப்பது மெல்லுவது, செபிப்பது சுவையை உணர்வது, இறைவனில் அமைந்திருப்பது அந்தச் சுவையே ஆகிவிடுவது. தமிழில் "அசைபோடுவது" என்று சொல்கிறோமே, சரியாக அதுதான். மாடு விழுங்கியதை நிழலுக்கு வந்து மறுபடி வாய்க்குக் கொண்டுவருகிறது. மூன்றாண்டுச் சுற்று ஒரு திருச்சபை முழுவதும் சேர்ந்து அசைபோடும் முறை.

நள்ளிரவில் கதவைத் தட்டியவர்

2022 யூலை மாதத்தைக் கொழும்பில் இருந்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பெற்றோல் வரிசை, எரிவாயு சிலிண்டர் வரிசை, பால்மா இல்லை, பாண் விலை எட்டாத உயரத்தில். 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 24ஆம் திகதி ஞாயிறு, பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு, லூக்கா 11:1-13. ஆண்டவர் கற்பித்த செபம், அதைத் தொடர்ந்து நள்ளிரவில் வந்து கதவைத் தட்டும் நண்பனின் உவமை.

அன்றாட உணவுக்காக மன்றாடும் அந்த வரியை நாம் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். அதில் "அன்றாட" என்று நாம் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது "எப்பியூசியொஸ்" என்ற சொல். 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜென் கிரேக்க மொழியிலேயே பேசி வளர்ந்தவர். அவரே அந்தச் சொல்லை வேறெங்கும் கண்டதில்லை, நற்செய்தியாளர்களே அதை ஆக்கியிருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைக்கானது, வரும் நாளுக்கானது, உயிர் தரிக்கத் தேவையானது என்று அதற்குப் பல பொருள் சொல்கிறார்கள். புனித எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்தபோது அதே சொல்லை லூக்காவில் "அன்றாட" என்றும் மத்தேயுவில் "பொருளுக்கெல்லாம் மேலான" என்றும் இரண்டு விதமாக ஆக்கினார். நம் தமிழிலும் இரண்டு விதம் உண்டு. கத்தோலிக்கர் "எங்கள் அன்றாட உணவை" என்கிறோம். பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும் சபையார் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்கிறார்கள். வரிசையில் நின்ற அந்த மாதத்தில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டன. வேண்டியது அன்றன்றைக்கு மட்டும்தான் கிடைத்தது.

தமிழுக்கென்று ஒரு நயமும் இதில் இருக்கிறது. "நம்" என்பது கேட்பவரையும் சேர்க்கும். "எங்கள்" அவரை விலக்கும். கடவுளைப் பார்த்துப் பேசும்போது "நம் உணவு" என்று சொல்ல முடியாது, "எங்கள்" என்றே சொல்ல வேண்டும். அந்த "எங்கள்" யார்? நானும், எனக்கு முன்னும் பின்னும் வரிசையில் நிற்பவர்களும். "எனக்கு" என்று கேட்க அந்தச் செபத்தில் ஓர் இடம்கூட இல்லை. உவமையும் இதையே பிடித்துக்கொள்கிறது. நள்ளிரவில் கதவைத் தட்டுபவன் தன் பசிக்காகத் தட்டவில்லை. பயணத்தில் வந்த நண்பனுக்கு வைக்க ஒன்றுமில்லை என்றுதான் மூன்று அப்பங்களைக் கேட்கிறான். (மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு "மூன்று அப்பம்" என்று வாசித்தால் கடையில் சுடும் அப்பமும் கட்டைச்சம்பலும்தான் அவர்கள் கண்ணில் வரும். "மூன்று பாண்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் தொடர்வது நல்லது.)

இதே வாசகத்துக்குள் எங்கள் குடும்பத்தின் கதை ஒன்று கிடந்ததை அந்த 2022இல்தான் கண்டுகொண்டேன்.

1983ஆம் ஆண்டும் மூன்றால் வகுபடும். அதுவும் லூக்கா ஆண்டு. அந்த ஆண்டின் நாள்காட்டியும் 2022இன் நாள்காட்டியும் ஒன்றே. 1983 யூலை 24 ஞாயிறு, பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு. அன்றிரவு பொரளையில் தொடங்கிய வன்முறை திங்கட்கிழமை நகரம் முழுதும் பரவியது. அப்போது நாங்கள் தெமட்டகொடையில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. ஞாயிறு காலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனா. திங்கள் இரவு, எங்கள் ஒழுங்கையின் முனையில் கடை எரிந்துகொண்டிருந்தபோது, அம்மா என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு பின்பக்கத்து மதிலோரமாகப் போய் ஒரு சிங்களக் குடும்பத்தின் குசினிக் கதவைத் தட்டினா. நான்கு நாள் அந்த வீட்டில் இருந்தோம்.

2022 யூலை 24 திருப்பலி முடிந்து, ஆலயத்தின் பக்கவாட்டு வாங்கில் அம்மாவை இருத்திவிட்டுக் கணக்கைச் சொன்னேன். அண்டைக்கும் இதே வாசகம்தான் அம்மா, "தட்டுங்கள், உங்களுக்குத் திறக்கப்படும்" என்று ஞாயிறு கேட்டுவிட்டுத்தான் திங்கள் இரவு நீங்கள் தட்டியிருக்கிறீர்கள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா: "எனக்கு வாசகம் ஒண்டும் ஞாபகம் இல்ல தம்பி. ஆனா இண்டைக்கு வாசிச்சதில வாற மனுசன், கதவு பூட்டியாச்சு, பிள்ளைகள் படுத்திட்டுதுகள், தொந்தரவு செய்யாதே எண்டெல்லாம் சொல்லுறான். அந்த நோனா ரெண்டாம் தரம் தட்ட விடேல்ல."

இந்த உவமையைப் பற்றி விரிவுரைகள் பல வாசித்திருக்கிறேன். விடாமல் செபிக்க வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. தட்டுபவனின் இடத்திலிருந்தே நாம் எப்போதும் அதைப் படிக்கிறோம். அம்மா உள்ளே படுத்திருப்பவனைப் பார்த்தா. அவனைவிடப் பெரிய மனம் ஒரு தெமட்டகொடைக் குசினியில் இருந்ததை அவ அறிவா. லூக்கா சொல்ல வருவதும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சலிப்போடு எழுந்து வரும் மனிதனே திறப்பான் என்றால், விண்ணகத் தந்தை எவ்வளவு விரைந்து திறப்பார்? 2025 யூலை 27இல் அந்த வாசகம் மறுபடி வந்தபோது நான் கேட்ட கேள்வி வேறாகிவிட்டது. என் வீட்டுக் கதவை எத்தனையாம் தடவை தட்டினால் நான் எழும்புவேன்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1983இலும் 2022இலும் ஒரே நாளில் ஒரே வாசகம் வந்தது மறைபொருளான அடையாளம் என்று நான் சொல்லவில்லை. அட்டவணை 1969இல் எழுதப்பட்டது. நாள்காட்டி தன் கணக்குப்படி சுற்றுகிறது. வாசகத்தை ஏடு பார்ப்பது போலப் பார்த்து, கடவுள் இதைத்தான் முன்னறிவித்தார் என்று பேசுவது நற்செய்தியைச் சோதிடமாக்குவது. அந்தச் சோதனை உண்மையானது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைச் சிதைத்து, களனி கங்கை பெருகிக் கொழும்பின் ஓரங்கள் வெள்ளத்தில் கிடந்த ஞாயிறு 30ஆம் திகதி. அன்றைய நற்செய்தி மத்தேயு 24: நோவாவின் நாள்களில் வெள்ளம் வந்து எல்லாரையும் அடித்துச் சென்றது போல. கேட்டவர்களுக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் அந்தப் பகுதியில் இயேசு வெள்ளத்தில் மாண்டவர்களின் பாவக் கணக்கை எடுக்கவில்லை. உண்டார்கள், குடித்தார்கள், திருமணம் செய்தார்கள், வரப்போவதை அறியாதிருந்தார்கள் என்கிறார். நம்மைப் போலவே வாழ்ந்தார்கள் என்று அதற்குப் பொருள். விழித்திருங்கள் என்பது கேட்பவர்களுக்கான சொல். வீடிழந்து பாடசாலைத் தரையில் படுத்திருப்பவர்களைச் சுட்டிக்காட்டச் சொன்ன சொல் அல்ல.

நான்கு கிழமைக்கு முன் வாசித்தது

இந்த இடத்தில் லூக்கா 13க்கு வர வேண்டும். தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, லூக்கா ஆண்டு. சிலர் இயேசுவிடம் வந்து ஒரு செய்தி சொல்கிறார்கள்: கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்தபோது பிலாத்து அவர்களைக் கொன்று, அவர்களுடைய இரத்தத்தைப் பலிகளின் இரத்தத்தோடு கலந்தான். வழிபாட்டின் நடுவில் கொல்லப்பட்ட மனிதர்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டுவிட்டு, "அப்படியல்ல" என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் சொல்லி, மறுபடியும் "அப்படியல்ல". அந்த மரணங்களிலிருந்து இறந்தவர்களைப் பற்றிய தீர்ப்பு எதையும் எடுக்க அவர் இடம் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களின் மனமாற்றத்தை மட்டுமே பேசுகிறார்.

இந்த வாசகத்துக்குரிய நாள் 2019 மார்ச் 24. உயிர்த்த ஞாயிறுக்குச் சரியாக நான்கு கிழமைக்கு முன்.

அன்று நான் ஆலயத்தில்தான் இருந்தேன். என்ன கேட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில் வரவில்லை. பிலாத்து, கலிலேயர், ஏதோ பழைய காலத்துக் கொடுமை என்று என் காதைத் தாண்டிப் போயிருக்கும். ஏப்ரல் முடிந்து, சவ அடக்கங்கள் முடிந்து, மே மாதம் பைகளைச் சோதித்து நம்மை உள்ளே விட்டு, யூன் 12இல் கொச்சிக்கடைத் திருத்தலம் அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள் திரும்பத் திறக்கும் வரை, எத்தனையோ பேர் கேட்டார்கள்: கோயிலுக்குள் நின்றவர்களுக்கு ஏன் இப்படி? என்ன பாவம் செய்தோம்? கேள்விக்குரிய வாசகம் அதற்கு முன்னமே வந்து போயிருந்தது. நாங்கள் கைநழுவ விட்டிருந்தோம்.

அது 2022 மார்ச் 20இல் திரும்பி வந்தது. அந்த ஞாயிறு முதலாம் வாசகம் என்னுடைய முறை. சனிக்கிழமை இரவு மின்வெட்டு. மெழுகுவர்த்தியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு விடுதலைப்பயணம் 3ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துப் பழகினேன். முட்புதர் எரிகிறது, தீய்ந்துபோகவில்லை. என் மக்கள் படும் துன்பத்தைக் கண்ணால் கண்டேன், அவர்களின் குரலைக் கேட்டேன் என்கிறார் கடவுள். வாசிப்பவருக்குத் தெரியும்: பழகும்போது மூச்சு எங்கே விடுவது, எந்தச் சொல்லில் நிற்பது என்பதில்தான் கவனம் இருக்கும். மனைவி எதிரே இருந்து கேட்டுவிட்டு, "'கேட்டேன்' எண்டதை விழுங்காதீங்க" என்றா. அந்த ஒரு சொல்லுக்காக நான்கு தடவை திரும்ப வாசித்தேன். மறுநாள் வாசக மேடையில் அந்தச் சொல்லை நிறுத்திச் சொல்லிவிட்டு இறங்கி வந்து அமர்ந்து, நற்செய்திக்கு எழுந்து நின்றபோது, பிலாத்துவும் கலிலேயரும் வந்தார்கள். இந்த முறை ஆலயத்தில் யாரும் அசையவில்லை.

எங்கள் பங்கில் வெள்ளிக்கிழமை இரவுகளில் அன்பியம் என்ற அக்கம்பக்கத்துச் சிறு குழு கூடுகிறது. கொட்டாஞ்சேனையின் ஒரு தொடர்மாடி வீடு, பத்துப் பன்னிரண்டு பேர். வரும் ஞாயிறு நற்செய்தியை எடுத்து, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து உலகெங்கும் பரவிய ஏழு படி முறையில் பகிர்கிறோம். அதில் எனக்குப் பிடித்த படி, வாசகத்திலிருந்து தன்னைத் தொட்ட ஒரு சொல்லையோ சொற்றொடரையோ ஒவ்வொருவரும் மெதுவாக மூன்று தடவை சொல்வது. விளக்கம் கூடாது, பிரசங்கம் கூடாது, சொல் மட்டும். புதிதாக வருபவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டு மாதம் போனால் அந்த அமைதிக்காகவே வருவார்கள். நற்செய்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லப் பழகிய நாக்குக்கு, நற்செய்தியை அப்படியே சொல்லப் பழகுவது பெரிய பயிற்சி.

2025இல் லூக்கா 13 வந்த கிழமை, கொச்சிக்கடையில் தன் தங்கையை இழந்த ஓர் அக்கா அந்தக் கூட்டத்தில் இருந்தா. அவ என்ன சொல்லப்போகிறா என்று எல்லாரும் உள்ளுக்குள் பயந்திருந்தோம். "அப்படியல்ல" என்பதைச் சொல்லுவா என்று நான் நினைத்தேன். அவ அதைச் சொல்லவில்லை. வாசகத்தின் பின்பகுதியில் வரும் அத்திமரத்துக்குப் போனா. தோட்டக்காரர் முதலாளியிடம் கேட்பது: "இந்த ஆண்டும் இதை விட்டுவையும்." மூன்று தடவை சொன்னா. மூன்றாம் தடவை குரல் உடைந்தது.

அந்த உவமையில் முதலாளி மூன்று ஆண்டுகளாக வந்து பார்க்கிறார், கனி இல்லை. வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், இன்னும் ஓராண்டு தாருங்கள் என்று மன்றாடுகிறார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நம்மிடம் வரும் வாசகத்தில் மூன்று ஆண்டாகக் காய்க்காத மரம். அட்டவணை தயாரித்தவர்கள் அதை எண்ணிச் செய்தார்களோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு முறையும் அது உறைக்கிறது. ஆனால் நான் என்ன காய்த்தேன் என்று எண்ணிக் கணக்குப் பார்க்க அந்த அக்கா எனக்கு இடம் வைக்கவில்லை. அவ கேட்டது தனக்காகவா, தன் தங்கையைக் கொன்றவர்களின் குடும்பங்களுக்காகவா, இந்த நாட்டுக்காகவா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தப் படியில் கேள்வி கேட்பது வழக்கமில்லை.

மரம் அடுத்த ஆண்டு காய்த்ததா இல்லையா என்று லூக்கா சொல்லவில்லை. தோட்டக்காரரின் மன்றாட்டோடு வாசகம் நின்றுவிடுகிறது. குரு நூலை முத்தமிடுகிறார், நாங்கள் "கிறிஸ்துவே உமக்குப் புகழ்" என்று சொல்லி அமர்கிறோம். அது அடுத்து வருவது 2028 மார்ச் 19ஆம் திகதி.